ஜாவா செயலிகளில் ஏடபிள்யூஎஸ் கிளையன்ட் அமைவுகளை எளிமையாக்குதல்: எல்லாவற்றையும் ஒரே பொது நூலகத்துக்குள் வைப்பது சரியா?

பொருநை:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் குழுவின் பொறுப்பில் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்தில் எழுதப்பட்ட பல சர்வீஸ்கள் உள்ளன. ஏறத்தாழ எல்லாமே அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் எஸ்3 (கோப்புச் சேமிப்பு), எஸ்கியூஎஸ் (செய்தி வரிசை), டைனமோடிபி (தரவுத்தளம்) ஆகிய மூன்றையும் பயன்படுத்துகின்றன. அனைத்தும் மும்பை ரீஜியனில் (ஏடபிள்யூஎஸ் தரவு மையத் தொகுதி), கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் மேல் ஓடுகின்றன. இந்தச் சேவைகளை ஜாவாவிலிருந்து அழைக்க உதவும் நூலகமான ஏடபிள்யூஎஸ் ஜாவா எஸ்டிகேயின் 1.x பதிப்புக்கான ஆதரவு 2025 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டதால், எல்லாவற்றையும் 2.x பதிப்புக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.

மாற்றத் தொடங்கியபோதுதான், கிளையன்ட் (ஒரு சேவையை அழைக்கும் ஜாவா பொருள்) உருவாக்கும் பகுதி சர்வீசுக்குச் சர்வீஸ் எவ்வளவு வேறுபடுகிறது என்பது தெரிந்தது. ஒன்றில் ரீஜியன் பெயர் ப்ராப்பர்டீஸ் கோப்பில் இருக்கிறது, மற்றொன்றில் அது குறியீட்டுக்குள் மாறிலியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றில் அணுகு சாவியும் இரகசியச் சாவியும் கோப்பிலேயே கிடக்கின்றன. இன்னொன்றில் ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் புதிய எஸ்3 கிளையன்ட் உருவாக்கப்பட்டு, மூடப்படாமல் விடப்படுகிறது. நேர வரம்புகள் சிலவற்றில் உள்ளன, பலவற்றில் இல்லை.

இந்த வேறுபாடுகளை நீக்க, ஒரு பொது நூலகம் எழுதி, அதற்குள் ஒரே ஃபேக்டரி வகுப்பை வைத்து, ஒரே யாமல் கோப்பிலிருந்து ரீஜியன், அடையாளச் சான்று, நேர வரம்பு, மறுமுயற்சி எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் படித்து, மூன்று சேவைகளுக்கும் ஒரே அமைவோடு கிளையன்ட்களைத் தரலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்துள்ளது. இது சரியான வழிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மருதம்:

பொருநை அவர்களே, நீங்கள் பட்டியலிட்டவை ஒரே வகைச் சிக்கல்கள் அல்ல என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவற்றை ஒரே யாமல் கோப்புக்குள் கொண்டுவந்தால் கோப்பு ஒன்றாகிவிடும், ஆனால் சிக்கல் அப்படியே இருக்கும்.

ஒரு கிளையன்டின் அமைவுகளை, அவற்றுக்கான சரியான விடை யாருக்குத் தெரியும் என்ற அடிப்படையில் பிரித்துப் பாருங்கள். இந்தச் செயலி யாராக ஓடுகிறது, எந்த ரீஜியனில் ஓடுகிறது என்பதெல்லாம் அது ஓடும் சூழலுக்குத் தெரியும். குறியீட்டுக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை. ஓர் அழைப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், தோற்றால் எத்தனை முறை மீண்டும் முயலலாம் என்பது அந்த அழைப்பை எழுதுகிறவருக்கு மட்டுமே தெரியும். அதைச் சூழலோ பொது நூலகமோ ஊகிக்க முடியாது. நீங்கள் திட்டமிடும் ஃபேக்டரி வகுப்பு இந்த இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இருவருக்கும் தெரிந்ததைத் தானே முடிவு செய்கிறது. அதனால்தான் அப்படிப்பட்ட வகுப்புகள் ஓராண்டுக்குள் எண்ணற்ற விதிவிலக்குகளைச் சுமக்கத் தொடங்குகின்றன.

முதல் வகையைப் பொறுத்தவரை, 2.x எஸ்டிகே ஏற்கெனவே உங்கள் வேலையைச் செய்து வைத்திருக்கிறது. பில்டரில் (கிளையன்டைக் கட்டமைக்கும் பொருள்) ரீஜியனையே குறிப்பிடாமல் விட்டால், அது முதலில் ஜாவா சிஸ்டம் ப்ராப்பர்ட்டியையும், பிறகு ஏடபிள்யூஎஸ்_ரீஜியன் என்ற சூழல் மாறியையும், பிறகு பயனரின் கோப்பகத்தில் உள்ள கான்ஃபிக் கோப்பையும், கடைசியாக ஈசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் மெய்நிகர் கணினி) தன்னைப் பற்றிய தகவல்களைப் பெறும் மெட்டாடேட்டா சேவையையும் வரிசையாகத் தேடுகிறது. அடையாளச் சான்றுக்கும் இதே போன்ற ஒரு சங்கிலி உண்டு. சிஸ்டம் ப்ராப்பர்ட்டி, சூழல் மாறி, வெப் ஐடென்டிட்டி டோக்கன், ப்ரொஃபைல் கோப்பு, கன்டெய்னர் சான்று, ஈசி2 இன்ஸ்டன்ஸ் ப்ரொஃபைல் என்ற வரிசையில் எது முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் சர்வீஸ்களில் ரீஜியனையும் சாவியையும் படிக்கும் குறியீட்டை எந்த நூலகத்துக்கும் நகர்த்த வேண்டாம், நீக்கிவிடுங்கள். நான் பார்த்தவரை, இத்தகைய மாற்றத்தில் பெரிய எளிமை கிடைப்பது இந்த நீக்கத்தில்தான்.

கோப்பில் கிடக்கும் சாவிகளை உடனே செயலிழக்கச் செய்யவும் மறவாதீர்கள். கோப்பிலிருந்து அழித்தாலும் கிட் வரலாற்றில் அவை அப்படியே இருக்கும்.

கோரிக்கைக்கு ஒரு கிளையன்ட் என்பதை எந்த வடிவமைப்பிலும் ஏற்க முடியாது. 2.x கிளையன்ட்கள் மாற்ற முடியாதவை, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்கென்றே எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கனெக்‌ஷன் பூலை (மீண்டும் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பை) வைத்துக்கொள்கிறது. புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு முறையும் டிஎல்எஸ் கைகுலுக்கலை (பாதுகாப்பான இணைப்புக்கான தொடக்கப் பரிமாற்றத்தை) முதலிலிருந்து தொடங்க வேண்டும்; மூடாமல் விட்டால் பழைய பூல்கள் நினைவகத்தில் தங்கிவிடும். ஸ்பிரிங்கில் சேவைக்கு ஒரு பீன் (ஸ்பிரிங் ஒருமுறை உருவாக்கிப் பராமரிக்கும் பொருள்) என்று வைத்தாலே இது தீர்ந்துவிடுகிறது.

தறியாளர்:

மருதம் ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் ஸ்பிரிங் பூட் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் குறுகிய வழி ஒன்று உண்டு. ஸ்பிரிங் கிளவுட் ஏடபிள்யூஎஸ் திட்டம் இப்போது ஸ்பிரிங் குழுவிடமிருந்து பிரிந்து ஆஸ்பிரிங் என்ற பெயரில் தன்னார்வலர்களால் பராமரிக்கப்படுகிறது. 2023இல் வெளிவந்த அதன் 3.0 பதிப்பு முழுக்க 2.x எஸ்டிகே மேல் எழுதப்பட்டது. அதற்குரிய ஸ்டார்ட்டரை (தேவையான நூலகங்களும் அமைவும் சேர்ந்த தொகுப்பை) சேர்த்தால் எஸ்3 கிளையன்ட், எஸ்கியூஎஸ் கிளையன்ட் ஆகியவை பீன்களாகத் தாமே கிடைத்துவிடும். ரீஜியன், எண்ட்பாயின்ட் (சேவையின் முகவரி), டீஃபால்ட்ஸ் மோட் (இயல்புநிலை அமைவுகளின் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் அமைவு) போன்றவற்றை அப்ளிகேஷன் யாமல் கோப்பிலேயே ஸ்பிரிங் வழக்கப்படி எழுதலாம். எஸ்3க்கு மட்டும் வேறு எண்ட்பாயின்ட் வேண்டுமென்றால் அதற்கும் தனி ப்ராப்பர்ட்டி இருக்கிறது. அதைத் தாண்டிய தேவை வந்தால், கிளையன்ட் கஸ்டமைசர் என்ற பீனை எழுதி பில்டரை நேரடியாகத் திருத்தலாம்.

பொருநை அவர்கள் எழுத நினைக்கும் நூலகத்தை ஏற்கெனவே பலர் சேர்ந்து எழுதிப் பராமரிக்கிறார்கள் என்பதே என் கருத்து. அதே வேலையை மீண்டும் ஏன் செய்ய வேண்டும்?

நெய்தல்:

குபர்னெட்டீஸ் என்று பொருநை குறிப்பிட்டதால், அடையாளச் சான்றுச் சங்கிலியைப் பற்றி ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்கிறேன்.

பாட் (குபர்னெட்டீஸில் செயலி ஓடும் அலகு) ஒன்றுக்கு ஐயாம் ரோலை (ஏடபிள்யூஎஸ்ஸில் அனுமதிகள் கொண்ட அடையாளத்தை) வழங்க, சர்வீஸ் அக்கவுன்டுடன் ரோலை இணைத்து, வெப் ஐடென்டிட்டி டோக்கன் கோப்பைப் பாடுக்குள் வைப்பது ஏடபிள்யூஎஸ்ஸின் குபர்னெட்டீஸ் சேவையான இகேஎஸ்ஸில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை. இந்த டோக்கனை உண்மையான சான்றாக மாற்ற எஸ்டிகேவுக்கு எஸ்டிஎஸ் (தற்காலிகச் சான்று வழங்கும் சேவை) மாட்யூல் தேவை. 2.x பதிப்பில் ஒவ்வொரு சேவையும் தனித்தனி ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) என்பதால், எஸ்3 ஜாரை மட்டும் மேவன் கோப்பில் சேர்த்தவர்களிடம் எஸ்டிஎஸ் ஜார் இருக்காது. அப்போது சங்கிலி அந்த இடத்தில் நின்றுவிடுவதில்லை. வெப் ஐடென்டிட்டியைக் கடந்து அடுத்த வழிகளைத் தேடி, கடைசியில் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரிக்குப் போய், பாட் ஓடும் நோடின் (கணினியின்) ரோலை எடுத்துக்கொள்ளும். நோடிலிருந்து அந்த முகவரியைப் பாட் அடைய முடியாதபடி தடுத்திருந்தால் சான்றே கிடைக்கவில்லை என்ற பிழை வரும். தடுக்கவில்லையென்றால் நிலைமை அதைவிட மோசம். செயலி தவறான ரோலுடன் ஓடத் தொடங்கும். ஆக்சஸ் டினைட் பிழைச் செய்தியில் நீங்கள் உருவாக்கிய ரோலின் பெயருக்குப் பதிலாக நோடின் ரோல் பெயர் இருக்கும். அந்தப் பெயரைக் கவனிக்காதவர்கள், பக்கெட் (எஸ்3 சேமிப்புக் கொள்கலன்) பாலிசியில்தான் தவறு என்று நினைத்து, நோடின் ரோலுக்கே அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த நோடில் ஓடும் எல்லாப் பாட்களுக்கும் அந்த பக்கெட் திறந்துவிடுகிறது.

ஆகவே சங்கிலியை நம்புங்கள் என்ற அறிவுரையை நான் அப்படியே ஏற்கவில்லை. உற்பத்திச் சூழலில் எந்த வழியாகச் சான்று வர வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அந்த வழியை மட்டும் பில்டரில் வெளிப்படையாகக் குறிப்பிட்டால், அது கிடைக்காதபோது செயலி தொடக்கத்திலேயே நின்றுவிடும். அசூர் தரப்பிலும் இதே போன்ற சங்கிலி உண்டு. உற்பத்திச் சூழலில் அதைப் பயன்படுத்தாமல், மேனேஜ்டு ஐடென்டிட்டி போன்ற குறிப்பிட்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு மைக்ரோசாஃப்ட் ஆவணங்களே பரிந்துரைக்கின்றன.

மருதம்:

நெய்தல் அவர்கள் சொன்ன எஸ்டிஎஸ் ஜார் சிக்கல் முற்றிலும் உண்மை. பொருநை அவர்கள் அதைத் தம் சரிபார்ப்புப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டும். ஆனால் அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவில் எனக்கு மாறுபாடு உண்டு.

வெளிப்படையாகக் குறிப்பிடுவதும் ஒருவகையில் ஊகம்தான், ஏனென்றால் நாளை சூழல் மாறும்போது குறியீடு மாறாது. ஏடபிள்யூஎஸ் லாம்டாவை (சர்வரை நாமே நிர்வகிக்காமல் குறியீட்டை ஓட்டும் சேவையை) எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க நேரத்தைக் குறைப்பதற்காக, சங்கிலியைத் தவிர்த்துவிட்டு, சூழல் மாறிகளிலிருந்து மட்டும் சான்றைப் படிக்கும் ப்ரொவைடரைப் பில்டரில் எழுதுங்கள் என்ற அறிவுரை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. சாதாரண லாம்டாவில் அது சரியாகவே வேலை செய்தது. 2022 நவம்பரில் ஜாவாவுக்கென ஸ்னாப்ஸ்டார்ட் வசதி (தொடங்கிய நிலையின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து செயலியை விரைவாக இயக்குவது) வந்தது. அதை இயக்கினால், லாம்டா அணுகு சாவியைச் சூழல் மாறிகளில் வைக்காமல் கன்டெய்னர் சான்று வழியாகத் தருகிறது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீண்டெழும்போது பழைய சாவி காலாவதியாகி இருக்கக்கூடாது என்பதே அதற்குக் காரணம். சங்கிலியைப் பயன்படுத்தியவர்கள் ஒரு வரியையும் மாற்றாமல் அந்த வசதியைப் பெற்றார்கள். சூழல் மாறி ப்ரொவைடரைக் குறியீட்டில் எழுதி வைத்தவர்களுக்குச் சான்று கிடைக்காமல் செயலி நின்றது.

நோடின் ரோலுக்கு வழுக்கிவிடும் ஆபத்தை அடைக்க வேண்டிய இடம் கிளஸ்டர். ஐஎம்டிஎஸ்ஸின் (மேலே சொன்ன மெட்டாடேட்டா சேவையின்) இரண்டாம் பதிப்பை மட்டும் அனுமதித்து, ஹாப் வரம்பை (பதில் கடக்கக்கூடிய நெட்வொர்க் தாவல்களின் எண்ணிக்கையை) 1 என்று வைத்தால், சொந்த நெட்வொர்க்கில் ஓடும் பாட்களால் மெட்டாடேட்டா சேவையை அடைய முடியாது. அதையும் மீறிய உறுதி வேண்டுமென்றால், செயலி தொடங்கும்போது எஸ்டிஎஸ்ஸின் கெட் காலர் ஐடென்டிட்டி அழைப்பை ஒருமுறை செய்து, வந்த ரோலின் பெயரைப் பதிவேட்டில் (லாக்) எழுதுங்கள். அந்த அழைப்புக்கு எஸ்டிஎஸ் ஜார் கட்டாயம் என்பதால், ஜார் விடுபடும் சிக்கலும் கூடவே தீர்ந்துவிடும்.

நெய்தல்:

ஸ்னாப்ஸ்டார்ட் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். இருந்தாலும், கிளஸ்டர் ஒரு குழுவிடமும் செயலி வேறொரு குழுவிடமும் இருக்கும் இடங்களில், கிளஸ்டரில் எல்லாம் அடைக்கப்பட்டிருக்கும் என்று செயலி எழுதுகிறவர் நம்பியிருக்க முடியாது. எங்கள் இடத்தில் நிலைமை அதுதான். அத்தகைய இடங்களில் வெளிப்படையான ப்ரொவைடரையே நான் தேர்ந்தெடுப்பேன். தொடக்கத்தில் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதும் யோசனை இரு தரப்புக்கும் பயன்படும். இன்றே எங்கள் குழுவிடம் முன்வைக்கிறேன்.

பொருநை:

மிகவும் பயனுள்ள விளக்கங்கள். ரீஜியனையும் சான்றையும் சூழலிடம் விடுவது என்பதில் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. நேர வரம்பைப் பற்றித்தான் இன்னும் ஐயம் இருக்கிறது. எல்லாக் கிளையன்ட்களுக்கும் மொத்தம் 5 வினாடி என்று ஒரே வரம்பு வைப்பதாகத் திட்டம். அதோடு, 2.x எஸ்டிகேயில் உள்ள டீஃபால்ட்ஸ் மோட் அமைவை இன் ரீஜியன் என்று வைத்தால் நேர வரம்புகள் எல்லாம் தாமே சரியாகிவிடும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா?

மருதம்:

இந்த இரண்டு கேள்விகளுக்கும் சற்று விரிவாகவே விடையளிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உற்பத்திச் சூழலில் செயலிகள் திணறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் எதையுமே தொடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். சிங்க் (பதில் வரும்வரை காத்திருக்கும்) கிளையன்டின் இயல்புநிலை எச்டிடிபி கிளையன்டான அப்பாச்சியில், இணைப்பை ஏற்படுத்த 2 வினாடி, தரவு வருவதற்காகச் சாக்கெட்டில் காத்திருக்க 30 வினாடி, பூலில் இடம் கிடைக்கக் காத்திருக்க 10 வினாடி, பூலின் அளவு 50 இணைப்புகள் என்று உள்ளது. மறுமுயற்சி லெகசி முறையில் இருக்கும். அதில் முதல் முயற்சியோடு சேர்த்து மொத்தம் 4 முயற்சிகள், டைனமோடிபிக்கு மட்டும் இதைவிட அதிகம். முழு அழைப்புக்கான வரம்பு என்று ஒன்று இயல்புநிலையில் கிடையாது. இப்போது ஒரு பயனரின் கோரிக்கைக்குள் நடக்கும் எஸ்3 அழைப்பு ஒன்றில் மறுமுனை பதில் தராமல் தொங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 30 வினாடி வீதம் 4 முயற்சிகள் என்றால் 2 நிமிடத்துக்கு மேல் அந்த த்ரெட் அங்கேயே நிற்கும். செயலிக்கு முன்னால் இருக்கும் லோட் பேலன்சரின் ஐடில் டைம்அவுட் இயல்புநிலையில் 60 வினாடி. அது 504 (நேரம் கடந்துவிட்டது) என்று பயனருக்குப் பதில் சொல்லிவிடும். பயனர் பக்கத்தை மீண்டும் ஏற்றுவார். முதல் த்ரெட் இன்னும் விடுபட்டிருக்காத நிலையில் இரண்டாவது த்ரெட்டும் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளும். சில நூறு பயனர்கள் இப்படிச் செய்தால் டாம்கேட்டின் (செயலியின் வலை சர்வரின்) த்ரெட் பூல் தீர்ந்துபோய், எஸ்3உடன் எந்தத் தொடர்பும் இல்லாத பக்கங்களும் நின்றுவிடும்.

டீஃபால்ட்ஸ் மோடை இன் ரீஜியன் என்று வைத்தால் மாறுபவை மிகச் சில. இணைப்பு ஏற்படுத்தும் வரம்பும் டிஎல்எஸ் கைகுலுக்கல் வரம்பும் 1.1 வினாடி ஆகும். மறுமுயற்சி ஸ்டாண்டர்ட் முறைக்கு மாறி, மொத்தம் 3 முயற்சிகள் ஆகும். இவை நல்ல மாற்றங்களே, செய்துகொள்ளுங்கள். ஏடபிள்யூஎஸ்_டீஃபால்ட்ஸ்_மோட் என்ற சூழல் மாறியிலேயே வைக்கலாம் என்பதால் குறியீட்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் சாக்கெட்டின் 30 வினாடி அப்படியேதான் இருக்கும். முழு அழைப்புக்கான வரம்பும் வராது. மேலே சொன்ன சூழ்நிலையில் 2 நிமிடம் 1.5 நிமிடமாகக் குறையும், அவ்வளவே.

அடுத்து, எல்லாவற்றுக்கும் 5 வினாடி என்ற திட்டம். எஸ்கியூஎஸ் லாங் போலிங்கில், செய்தி இல்லாதபோது சர்வர் 20 வினாடி வரை காத்திருந்துதான் பதில் தரும். அதன் இயல்பே அதுதான். அந்தக் கிளையன்டுக்கு 5 வினாடி வரம்பு வைத்தால், வரிசை காலியாக இருக்கும் நேரங்களில் ஒவ்வொரு அழைப்பும் பிழையாக முடியும். அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. கிளையன்ட் இணைப்பைத் துண்டிக்கும் அதே கணத்தில் சர்வர் ஒரு செய்தியை அனுப்பிவிட்டிருந்தால், சர்வரின் கணக்கில் அந்தச் செய்தி வழங்கப்பட்டுவிட்டது. விசிபிலிட்டி டைம்அவுட் (வழங்கிய செய்தியை மறைத்து வைக்கும் காலம்) முடியும் வரை அது யாருக்கும் தெரியாது. பெற்ற எண்ணிக்கையும் ஒன்று கூடிவிடும். இப்படிச் சிலமுறை நடந்தால், எந்தச் செயலியும் ஒருமுறைகூடப் படிக்காத செய்தி டெட் லெட்டர் க்யூவுக்கு (தோற்ற செய்திகளுக்கான தனி வரிசைக்கு) போய்விடும். அங்கே அதைப் பார்க்கிறவர், செய்தியின் உள்ளடக்கத்தில்தான் ஏதோ தவறு என்று தேடிக்கொண்டிருப்பார். மறுபக்கம், சாவியைக் கொண்டு ஓர் உருப்படியைப் படிக்கும் டைனமோடிபி அழைப்புக்கு 5 வினாடி என்பது மிக அதிகம். பொதுவாகச் சில மில்லிவினாடிகளில் வர வேண்டிய பதில் அது.

எஸ்3லும் ஒரே அளவு பொருந்தாது. சிறு ஜேசன் கோப்பைப் படிப்பதும் பெரிய வீடியோவைக் கோப்பாக இறக்குவதும் ஒரே கெட் ஆப்ஜெக்ட் அழைப்புதான். கோப்பாக இறக்கும்போது முழு இறக்கமும் அழைப்பு வரம்புக்குள் அடங்கும். ஆகவே கிளையன்டில் நியாயமான பொது வரம்பை வைத்து, பெரிய இறக்கத்துக்கு மட்டும் அந்தக் கோரிக்கையிலேயே ஓவர்ரைடு அமைவைச் சேர்ப்பதுதான் முறை. ஏபிஐ கால் டைம்அவுட் என்பது மறுமுயற்சிகள் அனைத்தையும் சேர்த்த மொத்த வரம்பு, ஏபிஐ கால் அட்டெம்ப்ட் டைம்அவுட் என்பது ஒரு முயற்சிக்கான வரம்பு. இரண்டையும் சேர்த்தே வையுங்கள். மொத்தத்தை மட்டும் வைத்தால், முதல் முயற்சியே முழு நேரத்தையும் விழுங்கிவிட, மறுமுயற்சிக்கு இடமிருக்காது.

கொற்கை:

இந்த விவாதத்தில் பொது நூலகம் என்ற யோசனையே தவறு என்பது போன்ற தொனி வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அதனால் மறுதரப்பையும் சொல்கிறேன். நான் பணியாற்றும் இடத்தில் பல குழுக்கள் உள்ளன. எல்லாக் கிளையன்ட்களிலும் மெட்ரிக்ஸ் பப்ளிஷர் (அளவீடுகளை வெளியிடும் பகுதி) இருக்க வேண்டும், ட்ரேசிங்கிற்கான இன்டர்செப்டர் (ஒவ்வோர் அழைப்பிலும் இடையே புகுந்து தடம் பதியும் பகுதி) இருக்க வேண்டும், சில சர்வீஸ்கள் ஃபிப்ஸ் (அமெரிக்க அரசின் குறியாக்கத் தரநிலை) எண்ட்பாயின்டை மட்டுமே அழைக்க வேண்டும் என்பவை நிறுவனக் கொள்கைகள். இவற்றை ஒவ்வொரு குழுவும் தனித்தனியே எழுதினால், எங்காவது ஓரிடத்தில் நிச்சயம் விடுபடும். இவற்றுக்கான விடை சூழலுக்கும் முழுமையாகத் தெரியாது, அழைப்பவருக்கும் தெரியாது, நிறுவனத்துக்குத்தான் தெரியும். மருதம் அவர்களின் பிரிப்பில் இந்த மூன்றாவது தரப்பு விடுபட்டிருக்கிறது.

மருதம்:

கொற்கை அவர்கள் சொல்வது சரி; அந்த மூன்றாவது தரப்பு உண்மையில் இருக்கிறது, அதற்குப் பொது நூலகமும் தேவை. நான் எதிர்ப்பது அதன் வடிவத்தைத்தான்.

கிளையன்டை உருவாக்கித் தரும் நூலகத்தைவிட, பில்டரை வாங்கி அதில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து அதே பில்டரைத் திருப்பித் தரும் நூலகம் மேலானது. 2.x பதிப்பில் எல்லாச் சேவைகளின் பில்டர்களும் ஏடபிள்யூஎஸ் கிளையன்ட் பில்டர் என்ற ஒரே இன்டர்ஃபேசை நீட்டிக்கின்றன. ஆகவே எந்தப் பில்டரையும் ஏற்கும் ஜெனரிக் மெதட் ஒன்றே போதும். அதற்குள் மெட்ரிக்ஸ், இன்டர்செப்டர், ஃபிப்ஸ் போன்றவற்றை மட்டும் அமைத்துவிட்டு, அதே பில்டரைத் திருப்பித் தந்துவிடலாம். குழு தனக்குரிய நேர வரம்புகளை அதன் மேல் தானே எழுதிக்கொண்டு பில்ட் மெதடை அழைக்கும். இன்று மூன்று சேவைகள், நாளை எஸ்என்எஸ்ஸும் (அறிவிப்புச் சேவை) வந்தால் நூலகத்தில் ஒரு வரியும் கூட வேண்டாம். ஃபேக்டரி வகுப்பாக இருந்தால் சேவைக்கு ஒரு மெதட், அதன் ஏசிங்க் (பதிலுக்காகக் காத்திருக்காத) வடிவத்துக்கு இன்னொரு மெதட் என்று அது பெருத்துக்கொண்டே போகும். எஸ்டிகே ஒரு புதிய அமைவைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் நூலகத்தின் அடுத்த வெளியீட்டுக்காக எல்லாக் குழுக்களும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஓவர்ரைடு கான்ஃபிகரேஷன் (நேர வரம்பு, இன்டர்செப்டர் போன்றவற்றைக் கொண்ட அமைவு) என்பது முழுப் பொருளாகவே பில்டரில் வைக்கப்படுகிறது. நூலகம் ஒன்றை வைத்த பிறகு, குழு தன் நேர வரம்புக்காகப் புதிதாக இன்னொன்றை வைத்தால், முன்னது அழிந்துவிடும், இன்டர்செப்டரும் அதோடு போய்விடும். நூலகத்தின் மெதட் ஓவர்ரைடு கான்ஃபிகரேஷனின் பில்டரையும் ஜாவா மொழியின் ஒரு லாம்டா (பெயரற்ற சார்பு, மேலே சொன்ன சேவை அல்ல) வழியாகக் குழுவிடம் கொடுத்து, இரண்டையும் ஒரே பொருளில் சேர்ப்பது பாதுகாப்பான வழி. இதற்கு ஒரு யூனிட் டெஸ்ட் எழுதி வைப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

தறியாளர்:

மருதம் ஐயா சொன்ன இந்த வடிவம் ஸ்பிரிங் கிளவுட் ஏடபிள்யூஎஸ் தரும் கஸ்டமைசருடன் அப்படியே பொருந்துகிறது. நிறுவன நூலகம் கஸ்டமைசர் பீன்களை மட்டும் தந்தால் போதும். கிளையன்ட் உருவாக்கத்தை ஸ்டார்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

சோதனைச் சூழலைப் பற்றியும் ஒன்றைச் சேர்க்கிறேன். லோக்கல்ஸ்டாக்கை (ஏடபிள்யூஎஸ்ஸைச் சொந்தக் கணினியில் போலச்செய்யும் கருவியை) டெஸ்ட்கன்டெய்னர்ஸ் (சோதனைக்குக் கன்டெய்னர்களை இயக்கும் நூலகம்) வழியாக இயக்குகிறவர்கள், சோதனைக்கென்று குறியீட்டுக்குள் இஃப் கிளைகள் வைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். புதிய எஸ்டிகே பதிப்புகள் ஏடபிள்யூஎஸ்_எண்ட்பாயின்ட்_யூஆர்எல் என்ற சூழல் மாறியைப் படிக்கின்றன. சேவைக்கு ஒன்றாகவும் அதை வைக்கலாம். எஸ்3 மட்டும் சற்று வேறுபடும். பக்கெட்டின் பெயர் ஹோஸ்ட் பெயரின் முன்னால் ஒட்டிக்கொள்வதால், லோக்கல்ஹோஸ்டில் அந்த முகவரி கிடைக்காமல் போகும். அதற்கு பாத் ஸ்டைல் அணுகலை (பக்கெட் பெயரை முகவரியின் பாதையில் எழுதுவதை) இயக்க வேண்டும். ஸ்டார்ட்டரில் அதற்கு ப்ராப்பர்ட்டி இருப்பதால், டெஸ்ட் ப்ரொஃபைலின் யாமலில் ஒரு வரி எழுதினால் போதும்.

பொருநை:

அனைவருக்கும் நன்றி. குழுவில் பேசி எடுத்த முடிவுகளைப் பதிவிடுகிறேன். ரீஜியன், சான்று, டீஃபால்ட்ஸ் மோட் மூன்றும் டிப்ளாய்மென்ட் கோப்புக்குப் போகின்றன. குறியீட்டிலிருந்து அவை நீக்கப்படும். எஸ்டிஎஸ் ஜார் எல்லாச் சர்வீஸ்களிலும் சேர்க்கப்படும், எஸ்டிகேயின் பிஓஎம் (நூலகப் பதிப்புகளின் பட்டியல் கோப்பு) வழியாகப் பதிப்புகள் ஒன்றாக வைக்கப்படும், தொடக்கத்தில் ரோலின் பெயர் பதிவேட்டில் எழுதப்படும். ஃபேக்டரி வகுப்பு கைவிடப்பட்டது. நேர வரம்புகளை அந்தந்தச் சர்வீசின் குழு, கிளையன்ட் பீன் எழுதும் இடத்திலேயே எழுதும்.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. மூன்று சேவைகளுக்கும் ஒரே அப்பாச்சி எச்டிடிபி கிளையன்டைப் பகிர்ந்தால் நினைவகம் மிச்சமாகும் என்று படித்தேன். செய்யலாமா?

நெய்தல்:

செய்யலாம், ஆனால் உங்கள் சர்வீஸ்களில் நான் செய்ய மாட்டேன். பகிர்ந்தால் 50 இணைப்புகள் கொண்ட பூலும் பகிரப்படும். எஸ்கியூஎஸ் லாங் போலிங் ஒவ்வோர் இணைப்பையும் 20 வினாடி வரை பிடித்து வைத்திருக்கும். எஸ்3இலிருந்து வாங்கிய ஸ்ட்ரீமை யாரேனும் மூடாமல் விட்டால், அந்த இணைப்பு பூலுக்குத் திரும்பாது. இவை பூலை நிரப்பிவிட்டால், எந்தத் தவறும் செய்யாத டைனமோடிபி அழைப்பு 10 வினாடி காத்திருந்து, பூலில் இணைப்புக் கிடைக்கவில்லை என்ற பிழையுடன் தோற்கும். தனித்தனி பூலாக இருந்தால், ஸ்ட்ரீம் கசிவு எஸ்3 கிளையன்டோடு நின்றுவிடும். பிழை எங்கே என்பதும் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும்.

மருதம்:

நெய்தல் அவர்களுடன் முழுமையாக உடன்படுகிறேன். மூன்று பூல்களின் நினைவகச் செலவு ஒரு ஸ்பிரிங் பூட் செயலியில் பொருட்படுத்தத் தக்கதன்று.

மூடும் பொறுப்பிலும் வேறுபாடு இருக்கிறது. எச்டிடிபி கிளையன்ட் பில்டரைக் கொடுத்தால், சேவைக் கிளையன்டை மூடும்போது எஸ்டிகே அதையும் சேர்த்து மூடிவிடும். உருவாக்கி முடித்த எச்டிடிபி கிளையன்டைக் கொடுத்தால், அதை மூடுவது உங்கள் பொறுப்பு. வேறு காரணங்களுக்காகப் பின்னாளில் பகிர நேர்ந்தால், அதையும் ஒரு பீனாக எழுதி, சேவைக் கிளையன்ட் பீனின் மெதடுக்கு அளவுருவாகக் கொடுங்கள். அப்போது ஸ்பிரிங் முதலில் சேவைக் கிளையன்டையும் அதன் பிறகே எச்டிடிபி கிளையன்டையும் மூடும். செயலி நிறுத்தப்படும் வேளையில் பாதியில் இருக்கும் அழைப்புகளின் அடியிலிருந்து பூல் உருவப்படாது.